மணி பிறந்த இடம்

சென்ற பொங்கல் விழாவுக்கு முன்னர், நம் சங்கத்தில் சிறுவர் பேச்சுப் போட்டிக்குத் தலைப்புகள் வழங்கினார்கள். நண்பர் ஒருவரின் மகள், ஒன்பதாம் வகுப்பில் படிப்பவள், ‘பண்டைக் கைத்தொழில்கள்’ என்னும் தலைப்பைப் பெற்றாள். தந்தையார் அன்று இரவே முதல் வாக்கியத்தை எழுதிக் கொடுத்துவிட்டார்: ‘கல்லைத் துளைத்து மணி கோக்கும் கலையை உலகுக்கு அளித்தவர் தமிழரே.’

பெண்ணோ தயங்கினாள். அவளுடன் படிக்கும் குஜராத்திப் பெண் ஒருத்தி, அக்கலை லோத்தலில் பிறந்தது என்று பள்ளி விழாவில் பேசி, முன்னமே பரிசும் பெற்றிருந்தாளாம். “மாமா, இரண்டும் எப்படி உண்மையாகும்?” என்று நம்மைக் கேட்டாள். நமக்கும் விடை தெரியவில்லை. அகமதாபாத்தில் இத்தனை ஆண்டுகள் குடியிருந்தும் லோத்தலை நாம் எட்டிப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே புறப்படுவதென முடிவாயிற்று.

காந்திகிராம் நிலையத்தில் போட்டாட் செல்லும் வண்டியில் ஏறினால், லோத்தல்–புர்கி என்னும் சிறிய நிலையத்தில் இறங்கலாம். மீட்டர் கேஜாக இருந்த இந்தப் பாதை அகலப் பாதையாக மாற்றப்பட்டு, 2022இல் மீண்டும் திறக்கப்பட்டது. வழியெல்லாம் மேடு பள்ளமற்ற சமவெளி. கோதுமை வயல்கள், பருத்தி வயல்கள், இடையிடையே உப்புப் பூத்த வெற்று நிலம். நிலையத்திலிருந்து ஆட்டோவில் சில கிலோமீட்டர் சென்றால், சரக்வாலா என்னும் சிற்றூரை அடுத்து அந்த மேடு தென்படுகிறது.

கோபுரங்களையும் மண்டபங்களையும் கண்டு பழகிய கண்களுக்கு லோத்தல் முதலில் ஏமாற்றமே தரும். செங்கல் அடித்தளங்கள், கிணறுகள், கழிநீர்க் கால்வாய்கள், ஒரு பெரிய குளம், இவ்வளவுதான். குஜராத்தியில் லோத்தல் என்ற சொல்லுக்கு ‘இறந்தோர் மேடு’ என்று பொருள் கூறுகிறார்கள். 1954இல் கண்டறியப்பட்ட இவ்விடத்தை, 1955 முதல் எஸ். ஆர். ராவ் அவர்களின் தலைமையில் தொல்லியல் துறையினர் அகழ்ந்தனர். ஏறத்தாழ கி.மு. 2400 முதல் 1900 வரை சிந்துவெளி நாகரிகத்தைச் சேர்ந்த ஒரு நகரம் இங்கே செழித்திருந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு.

குளம் என்று மேலே எழுதினோம். இதைக் குளம் என்பதா, கப்பல் துறை என்பதா என்பதே ஒரு பெரிய வழக்கு. ஏறத்தாழ 215 மீட்டர் நீளமும் 36 மீட்டர் அகலமும் கொண்டு, சுட்ட செங்கல்லால் கரை கட்டிய இதனை ராவ் கப்பல் துறை என்றார். 1968இல் லெஷ்னிக் என்னும் அறிஞர் இதனை நீர் தேக்கும் குளம் என்று வாதிட்டார். பின்னர் இதன் வண்டலில் கடல்நீரில் வாழும் நுண்ணுயிர்களின் ஓடுகள் காணப்பட்டன. 2024இல் காந்திநகர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள், சபர்மதி ஆறு ஒரு காலத்தில் லோத்தலை ஒட்டி ஓடியதற்கான தடயங்களைச் செயற்கைக்கோள் படங்களின் துணையால் எடுத்துக் காட்டினர். தராசு துறையின் பக்கம் சாய்கிறது. ஆயினும் வழக்கு முற்றும் முடிந்துவிடவில்லை. நண்பருடைய பெண் கரையில் நின்று இதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். ஒரே செங்கல்லைக் கண்டு இரு அறிஞர் இருவேறு முடிவுக்கு வரலாம் என்பது அவளுக்குப் புதுமையாக இருந்தது.

அடுத்து மணிப்பட்டறைக்குச் சென்றோம். நடுவே முற்றமும் சுற்றிலும் அறைகளும் உடைய ஒரு வீட்டின் அடித்தளம் அது. கல்லைச் சுடுவதற்குரிய சூளை ஒன்றும் கண்டெடுக்கப்பட்டது. 1976இல் அமைக்கப்பட்ட தொல்பொருட் காட்சிசாலையில், இவ்வூரிற் கிடைத்த சூதுபவள மணிகளைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். செந்நிறத்தில் பளபளக்கும் அம்மணிகளையே நண்பர் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் தொல்லியலாருக்கு அவற்றினும் மேலான செல்வம் வேறு: பாதி தட்டிய கல், துளையிடும்போது பிளந்த மணி, மெருகேறாத மணி, உதிர்ந்த சில்லு.

“குப்பையைப் பார்க்கவா மாமா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்றாள் பெண்.

ஆம், குப்பையைப் பார்க்கத்தான் வந்தோம். முடிந்த மணி ஊர் ஊராகப் பயணம் செய்யும். ஈராக் நாட்டில் ஊர் என்னும் பழைய நகரத்தின் அரச கல்லறைகளை 1920களில் உல்லி என்னும் அறிஞர் அகழ்ந்தபோது, நீண்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. அவை சிந்துவெளிக் கைவினை என்று ஆய்வாளர் கருதுகின்றனர். ஆகவே, ஓர் இடத்தில் மணி கிடைத்தது என்பதனால் அங்கேயே அது செய்யப்பட்டது என்று கூற இயலாது. கழிவு அவ்வாறன்று. பிளந்துபோன மணியை எவரும் கப்பலேற்றி அனுப்புவதில்லை. அது பட்டறைத் தரையிலேயே கிடக்கும். மூலப்பொருள், கருவி, அரைகுறை வேலை, கழிவு, சூளை ஆகியவை ஒருங்கே கிடைக்கும் இடத்தைத்தான் தொழில் நடந்த இடம் என்று துணிந்து சொல்லலாம். லோத்தலில் அத்தகைய சான்று இருக்கிறது.

சரக்கு அலுவலகத்தில் நாள்தோறும் மூட்டைகளின் முத்திரையைச் சரிபார்க்கும் நமக்கு மற்றொரு பொருள் மிகவும் பிடித்திருந்தது. இங்குள்ள பண்டகசாலையில், அறுபதுக்கும் மேற்பட்ட களிமண் முத்திரைப் பதிவுகள் கிடைத்தன. முன்புறம் வணிகரின் முத்திரை. பின்புறம் மூட்டையைக் கட்டிய கயிறு, துணி, நாணற்பாய் ஆகியவற்றின் தடம். என்றோ தீப்பிடித்துப் பண்டகசாலை எரிந்தது. அந்தத் தீயில் வெந்ததனால்தான் இந்தக் களிமண் இன்றுவரை நிலைத்தது. கயிறு மக்கிவிட்டது, முடிச்சின் தடம் மட்டும் நாலாயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. எங்கேயோ ஒரு குமாஸ்தா தன் கடமையை ஒழுங்காகச் செய்திருக்கிறார் என்று நண்பரிடம் சொன்னோம். அவர் சிரித்தார்.

வேப்பமர நிழலில் புளியோதரைப் பொட்டலங்களை அவிழ்த்தபோது, நண்பர் தம் கட்சியை எடுத்துரைத்தார். “சிந்துவெளி மக்கள் பேசியது திராவிட மொழி என்று ஐராவதம் மகாதேவன் போன்ற பெரியவர்களே சொல்லவில்லையா? அப்படியானால் இது நம்முடையதுதானே, சார்?” சொன்னார்கள் என்பது மெய். ஆனால் அந்த எழுத்து இன்னும் ஐயமின்றிப் படிக்கப்படவில்லை. மேலும், மணியைத் துளைத்தவன் எந்த மொழியில் பேசினான் என்பதைத் துளை சொல்லாது. எந்தக் கருவியால் துளைத்தான் என்பதை மட்டுமே அது சொல்லும்.

அந்தக் கருவியைப் பற்றி அறிய, அதற்கடுத்த ஞாயிறன்று கம்பாத்துக்குச் சென்றோம். லோத்தலைப் போலவே கம்பாத் வளைகுடாவின் தலைப்பக்கத்தில் உள்ள ஊர் இது. இங்கே ‘அகீக்’ என்று வழங்கும் கல்லைக் கொண்டு இன்றும் மணி செய்கிறார்கள். பரூச் மாவட்டத்து ரத்தன்பூர்ப் பக்கத்திலிருந்து வரும் கற்களை வெயிலில் உலர்த்தி, மண்சட்டிகளில் இட்டு மெல்லச் சுடுகிறார்கள். கல்லிலுள்ள இரும்புச்சத்து சூட்டினால் சிவக்கிறது. தரையில் சாய்வாக நட்ட இரும்பு முனையில் கல்லை அழுத்தி, எருமைக் கொம்பாலான சுத்தியால் மறுபுறம் தட்டுகிறார்கள். ஒரு முதியவர் எங்களுக்காகத் தட்டிக் காட்டினார். ஐந்தாறு தட்டில் கரடுமுரடான கல், மணியின் வடிவை நோக்கித் திரும்பிவிட்டது. கீழே சிதறிய சில்லுகளைப் பெண் குனிந்து பார்த்தாள். லோத்தலில் அறிந்ததை இங்கே நேரில் கண்டாள்.

‘அப்படியானால் நாலாயிரம் ஆண்டுகளாக அதே தொழில் மாறாமல் நடக்கிறது’ என்று எழுதத் தோன்றும். அங்கும் நிதானம் வேண்டும். கெனோயர், விடாலே, குல்தீப் பான் முதலிய அறிஞர்கள் கம்பாத்துக் கைவினைஞரிடம் கற்று, பழைய மணிகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்துள்ளனர். துளையின் உட்புறத்தை அச்செடுத்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால், கருவியின் தடம் தெரிகிறது. கம்பாத்தில் பயன்படுவது வைர முனைத் துளைகருவி. சிந்துவெளியார் நீண்ட சூதுபவள மணிகளுக்குப் பயன்படுத்தியதோ மிகக் கடினமான ஒரு கல்லாலான கருவி. அத்தகைய கருவிகளைச் சாஞ்சுதாரோவில் 1935–36இல் அகழ்ந்த எர்னஸ்ட் மக்கேயின் பெயரால் அக்கல்லை ‘எர்னஸ்டைட்’ என்கிறார்கள். அதைக் கொண்டு சோதனை செய்தபோது, ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டரே துளைக்க முடிந்ததாம். சுடுவதிலும் தட்டுவதிலும் ஒற்றுமை உண்டு. துளைப்பதில் வேற்றுமை உண்டு. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

அந்த முதியவர் பேசும்போதெல்லாம் இடையிடையே இருமினார். இக்கல்லை அரைக்கும்போது எழும் தூள் நுரையீரலில் படிந்து, சிலிகோசிஸ் என்னும் நோயைத் தருகிறது, அதற்கு மருந்தில்லை. கம்பாத்தில் இந்நோய் பல குடும்பங்களைச் சிதைத்திருக்கிறது. தம் பிள்ளைகளை இத்தொழிலில் விடவில்லை என்றார் அவர். கலையின் பிறப்பைப் பற்றி வாதாடிக்கொண்டு வந்த நாம் வாயடைத்து நின்றோம். நண்பரும் அதன்பின் வீடு வரும்வரை அதிகம் பேசவில்லை.

எனின், மணி பிறந்த இடம் எது? லோத்தல் அன்று. பலுசிஸ்தானத்து மெஹர்கரில், லோத்தலுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முற்பட்ட புதைகுழிகளிலேயே கல் மணியும் சங்கு மணியும் கிடைத்துள்ளன. அதுவும் இதுவரை கிடைத்தவற்றுள் பழையவற்றில் ஒன்றேயன்றி, முதன்முதல் செய்த மணி என்பதற்கு அங்கும் உறுதியில்லை. நாளை வேறோரிடத்தில் மண்வெட்டி பட்டால், வரலாறு ஒரு படி பின்னே போகும்.

தமிழகத்துக்கு இதில் பங்கு இல்லையா? உண்டு. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில், 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தனர். படிகக்கல், பெரில் கல் ஆகியவற்றின் அரைகுறை மணிகளும் கழிவுச் சில்லுகளும் அங்கே கிடைத்தன. பதிற்றுப்பத்துக் குறிப்பிடும் கொடுமணம் இவ்வூரே என்பர். நூலின் சொல்லுக்குக் குப்பை சாட்சி கூறுகிறது. இதனினும் வலிய சான்று வேறென்ன வேண்டும்? கல்லறைகளில் சூதுபவள மணிகளும் ஏராளமாகக் கிடைத்தன. அக்கல் கொங்கு நாட்டில் விளைவதன்று. குஜராத்திலிருந்தோ தக்காணத்திலிருந்தோ வந்திருக்கலாம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். கொடுமணல், லோத்தலுக்கு ஏறத்தாழ 1500 ஆண்டுகள் பிற்பட்டது. முதன்மைப் பட்டம் இல்லை. ஆனால் தொழில் மெய், வாணிகம் மெய். நாம் பிறந்த மண்ணையும் பிழைக்க வந்த மண்ணையும் நம்மினும் முன்பே மணிகள் இணைத்திருக்கக்கூடும் என்பது எவ்வளவு இனிய எண்ணம்!

பொங்கல் விழாவில் அப்பெண் பேசினாள். தந்தை எழுதித் தந்த முதல் வாக்கியம் அதில் இல்லை. கம்பாத்து முதியவர் அன்று கொடுத்த ஒரு சிவந்த சில்லைக் கையில் உயர்த்திப் பிடித்து, “இது மணி அன்று, மணி செய்த இடத்தின் அடையாளம்” என்று தொடங்கினாள். அம்முதியவரின் இருமலைச் சொல்லி முடித்தாள். கிடைத்தது இரண்டாம் பரிசுதான். ஆனால் முன் வரிசையில் அமர்ந்திருந்த நண்பர், எல்லாரும் கைதட்டி ஓய்ந்த பின்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, ஈரோட்டில் இறங்கிக் கொடுமணலையும் பார்த்துவர வேண்டுமாம். டிக்கெட்டை முன்பதிவு செய்யும் பொறுப்பை நம் தலையில் கட்டியிருக்கிறார்.