குருத்து வெட்டும் நாள்

சோழவந்தானில் வைகைப் பாலத்தைத் தாண்டித் தென்கரைக்குள் நுழைந்தால் சாலையின் இருபுறமும் தோப்புதான். தென்னைக்கும் வெற்றிலைக்கும் பேர்போன மண். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் இங்கே குருத்து வெட்டுவார்கள். கல்யாண வீடுகளுக்குத் தோரணமும் பந்தல் அலங்காரமும் செய்கிற ஒரு குடும்பத்தைப் பார்க்க அப்படி ஒரு மதியத்தில் போயிருந்தேன். வேப்பமர நிழல் முழுக்க ஈரச் சாக்குகள் விரித்துக் கிடந்தன. குனிந்து ஒன்றின் ஓரத்தைப் பிடித்ததும் திண்ணையிலிருந்து பெரியவர் குரல் கொடுத்தார்: "சாக்கத் தூக்காதீங்க தம்பி. காத்துப் பட்டா சுருண்டுக்கும்."

தென்னையின் உச்சியில் இன்னும் விரியாமல் நேராக நிற்கும் இளம் மட்டைதான் குருத்து. வெயில் உள்ளே படாததால் பச்சை ஏறியிருக்காது. தந்தத்துக்கும் எலுமிச்சைக்கும் நடுவில் ஒரு மஞ்சள். முற்றின ஓலையை மடித்தால் மடிப்பில் கீறும். குருத்தோலையை விரலில் எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றலாம். அந்த இளக்கம் இருக்கும்வரைதான் வேலை. மதியம் வெட்டி, சாயங்காலம் உட்கார்ந்து, விடிவதற்குள் மண்டப வாசலில் கட்டிவிட வேண்டும். காலை முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கும்போதே வெட்டு வாய்கள் பழுப்பேறத் தொடங்கிவிடும்.

பின்னுகிறவர்கள் பெண்கள். பெரியவரின் மருமகள், அவருடைய ஓரகத்தி, பக்கத்து வீட்டு அக்காக்கள் இருவர். மருமகளின் கையைத்தான் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மட்டையிலிருந்து ஓர் ஓலையை இழுத்துப் பிய்க்கிறார். நடு ஈர்க்கை நகத்தால் கீறி உரித்ததும் இரண்டு நாடாக்கள் கிடைக்கின்றன. அவற்றை ஒன்றுக்குள் ஒன்றாக நுழைத்து இழுத்தால் பந்து. வாலை நீட்டிவிட்டால் கிளி. இன்னோர் ஓலையில் ஈர்க்கை எடுக்காமல், சிறு கத்தியால் விளிம்பை வரிசையாகச் சாய்த்துக் கீறி, ஒன்று விட்டு ஒன்றை மடித்துச் செருகுகிறார். தட்டையாக இருந்த ஓலை அலையலையாக எழும்பி நிற்கிறது. எந்த இடத்திலும் ஸ்டேப்ளர் கிடையாது. முற்றின ஓலையின் ஈர்க்கைத் துண்டு போட்டு அதையே ஊசியாகக் குத்துகிறார்கள். குருத்து ஈர்க்கு அதற்கு ஆகாது, வளைந்துவிடும். கட்டுவதற்கு ஊறவைத்த வாழைநார்.

தோரணத்தைக் கட்டும்போது தலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில் பெரியவர் கண்டிப்பானவர். கல்யாண வீட்டில் மடிப்பின் குருவித்தலை மேலே பார்க்க வேண்டும், துக்க வீட்டில் கீழே. யாழ்ப்பாணத்தில் இதற்கு எண்ணிக்கையே உண்டு: மங்கலத்துக்கு மேல் நோக்கிய நான்கு தலை, அமங்கலத்துக்குக் கீழ் நோக்கிய மூன்று. நகரத்து அலங்காரக்காரர்கள் சிலர் அழகுக்காகத் தலைகீழாகத் தொங்கவிடுவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அதைப் பார்த்து முகம் சுருங்குவார்கள். அவர்கள் மனம் நோவதற்குக் காரணம் இருக்கிறது.

பேச்சு மரத்தின் பக்கம் திரும்பியபோதுதான், 'இயற்கை அலங்காரம்' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிற சொல்லுக்குள் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்று விளங்கியது. நன்றாக வளர்ந்த தென்னை மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மட்டைதான் விடும். ஆண்டுக்குப் பன்னிரண்டு, மிஞ்சிப்போனால் பதினான்கு. ஒவ்வொரு மட்டையின் அக்குளிலும் ஒரு பாளை. குருத்தை எடுப்பதென்றால், மூன்று வருடம்போல நின்று காய்க்குச் சோறு போட வேண்டிய ஒரு மட்டையை முதல் நாளே எடுப்பது. வெட்டின காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். புழு தண்டுக்குள் இறங்கிவிட்டால் மரமே போய்விடும். காண்டாமிருக வண்டு குடைந்த குருத்தாக இருந்தால் இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

"காய்க்கிற மரத்துல நான் ஏற மாட்டேன்," என்றார் பெரியவர். "வெட்டப்போற கெழட்டு மரம் எதுன்னு தோப்புக்காரவுகள்ட்ட கேட்டு வச்சுக்கிருவேன். வேற வழியில்லாம ஒரு மரத்துல எடுத்தா, ஒண்ணுக்கு மேல எடுக்கிறதில்ல. எடுத்த எடத்துல வேப்பங்கொட்டைத் தூளையும் மணலையும் கலந்து மட்டை இடுக்குல போட்டுட்டுத்தான் எறங்குவேன்." வேளாண் துறையினர் வண்டுக்குச் சொல்கிற மருந்தும் அதேதான். அவர் அதைத் தன் அப்பாவிடம் கற்றிருக்கிறார்.

ஆகவே, மண்டபம் முழுவதையும் குருத்தோலையால் மூடுவதைப் பசுமை அலங்காரம் என்று என்னால் சொல்ல முடியாது. அது ஒரு தோப்பின் குருத்துகளை ஒரே காலையில் காலி செய்வது. பழைய முறையில் அளவு இருந்தது. குருத்து வாசலுக்கும் மணவறைக்கும் மட்டும். மற்ற இடத்துக்கெல்லாம் முற்றின கீற்று, மாவிலை, குலை தள்ளிய வாழை, கமுகங்குலை, ஈச்சங்குலை, நுங்குக் குலை. இந்தக் குடும்பம் இன்றும் அப்படித்தான் செய்கிறது. மேடைக்குப் பின்னால் துணித் திரைக்குப் பதிலாகப் பச்சைக் கிடுகை நிறுத்தி, அதன் மேல் பத்துப் பன்னிரண்டு குருத்து வேலைப்பாடுகளை மட்டும் வைக்கிறார்கள். கரும்பச்சை மேல் மஞ்சள் தனியாகத் தெரிகிறது. பூவுக்கு நிலக்கோட்டைச் செண்டுமல்லியும் கோழிக்கொண்டையும். அவற்றைச் செருக வாழைத்தண்டுத் துண்டு. அதற்குள்ளிருக்கும் தண்ணீரே பூவை வாடாமல் வைத்திருக்கும்.

இந்த வாழைத்தண்டு இருந்த இடத்தைத்தான் பச்சை ஃபோம் கட்டி பிடித்துக்கொண்டது. பீனாலும் பார்மால்டிஹைடும் சேர்த்துச் செய்கிற பிளாஸ்டிக் அது; கையில் நசுக்கினால் மாவாகிவிடும், மண்ணில் மட்காது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருட்களில் அலங்காரத் தெர்மாகோலும், பலூன் குச்சியும், பிளாஸ்டிக் கொடியும் உண்டு. பிளாஸ்டிக் பூ அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் மேடைகளில் தெர்மாகோல் எழுத்து குறைந்த இடத்தில் பிளாஸ்டிக் ரோஜாச் சுவர் வந்து நிற்கிறது. அலங்காரக்காரர் அதைக் கழற்றி அடுத்த மண்டபத்துக்குக் கொண்டுபோகலாம். குருத்தோலைத் தோரணத்தை ஒவ்வொரு கல்யாணத்துக்கும் புதிதாக யாராவது இரவெல்லாம் உட்கார்ந்து பின்ன வேண்டும். பிளாஸ்டிக் ஜெயிக்கிற இடம் இதுதான்.

ஓலை ஒதுங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை மறைத்துவிட்டு ஓலையைப் புகழ்வது நியாயமாகாது. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணத்தில் கீற்றுப் பந்தல் தீப்பற்றி மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கூரை எரிந்து 94 குழந்தைகள் போனார்கள். அதன்பிறகு பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரை அகற்றப்பட்டது. மண்டபங்களிலும் தகரமும் கான்கிரீட்டும் வந்தன. "அந்த வருசத்தோட கிடுகு கேக்குற ஆளு கொறஞ்சாங்க. கேக்கலையேன்னு நான் வருத்தப்படவும் இல்ல தம்பி. புள்ளைகளாச்சே," என்றார் பெரியவர். அவர் இப்போது வைத்திருக்கும் கட்டுப்பாடுகள் அதிலிருந்து வந்தவை. காய்ந்த கிடுகு மண்டபத்துக்குள் போகாது. அன்று வெட்டிய பச்சைக் கீற்று மட்டும். ஓலை மேல் சீரியல் பல்பு சுற்ற விடமாட்டார். சமையல் கொட்டகைப் பக்கம் ஓலையே கிடையாது. விருந்து முடிந்த அன்றே எல்லாவற்றையும் இறக்கிவிட வேண்டும்.

இறக்கியது வீணாவதும் இல்லை. வாழை மாட்டுக்கு, கீற்று தென்னை மூட்டுக்கு. ஒரே தொந்தரவு, இடையில் வேறு ஆள் வந்து கட்டிவிட்டுப் போகிற நைலான் கயிறும் பிளாஸ்டிக் டேகும். வாழைமட்டையோடு சேர்ந்து அது மாட்டின் வயிற்றுக்குப் போகிறது. தங்க நிற ஸ்ப்ரே அடித்த ஓலையை ஆடு முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை என்று ஓரகத்தி சொன்னார். ஸ்ப்ரே அடிக்கச் சொல்லும் வீடுகள் வருடத்துக்கு வருடம் கூடுகின்றனவாம். அந்த மஞ்சளைப் பார்த்த பிறகும் அதன் மேல் தங்கம் வேண்டும் என்று எப்படித் தோன்றுகிறதோ, எனக்குப் புரியவில்லை.

கூலியைப் பற்றி மருமகள்தான் பேசினார். மண்டபத்துக்காரர் அலங்காரம் முழுவதையும் ஒரு காண்டிராக்டரிடம் விடுவார். அவர் இவர்களுக்கு எண்ணிக்கைக்குக் கூலி கொடுப்பார். பின்னுவதற்கு மட்டும்தான் எண்ணிக்கை. ஓலையை உரிப்பதும், விடியற்காலை வண்டியில் ஏறிப் போய்க் கட்டுவதும், இறக்குவதும் அதற்குள் அடக்கம். ஆடி, மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. ஆடியில் அம்மன் கோயில் தோரணம் கொஞ்சம் கைகொடுக்கும். மார்கழியில் அதுவும் இல்லை. ஐப்பசி மழையில் பந்தல் சுருங்கும். 'சுற்றுச்சூழலுக்கு உகந்த திருமணம்' என்று பத்திரிகையில் அச்சடிக்கும் குடும்பங்கள் கூடிவருகின்றன. அந்த வரிக்காக ராத்தூக்கம் விடுகிறவருக்கு ராக்கூலி கிடைக்கவில்லையென்றால், இவருடைய மகள் இந்த ஓலையைத் தொடப்போவதில்லை. அவளைத் தொடச்சொல்ல நமக்கு உரிமையும் இல்லை.

இப்போது மருமகளே ஃபோனில் நேராக ஆர்டர் எடுக்கிறார். பெரிய மண்டபங்கள் இன்னும் காண்டிராக்டர் வழியாகத்தான் வருகின்றன. வளைகாப்பு, புதுமனை புகுவிழா, பிறந்தநாள் என்று வீட்டளவில் நடப்பவை நேராக வருகின்றன. அவர் கேட்பவை சில. பத்து நாளுக்கு முன்னால் சொல்ல வேண்டும், மாமா மரம் பார்த்து வைப்பதற்கு. எத்தனை தோரணம் என்பதோடு எத்தனை மணிக்கு நிகழ்ச்சி என்றும் சொல்ல வேண்டும். மாலை விழாவுக்கு அன்று காலை வெட்டினால் போதும். கட்டுவதற்கும் இறக்குவதற்கும் தனித்தனியாகக் கூலி. பிறந்தநாள் வீடுகளுக்குப் போகும்போது ஒரு கட்டு ஓலையைக் கூடுதலாக எடுத்துப்போய், பிள்ளைகளை உட்காரவைத்துக் காத்தாடியும் கைக்கடிகாரமும் பீப்பீயும் செய்யச் சொல்லித்தருகிறார். அதற்கும் கூலி உண்டு என்பதை ஃபோனிலேயே முதலில் சொல்லிவிடுகிறார்.