நீளக் காது தேசம்: அரிசோனா பாலைவனத்தில் முதல் முயல் வேட்டை

அமெரிக்காவின் டூசான் நகரத்திலிருந்து தென்மேற்கே காரில் ஒரு மணி நேரம் போனால் ஆல்டர் பள்ளத்தாக்கு. ஜனவரி மாத விடியற்காலையில் அங்கே போய் இறங்குகிறவருக்கு முதலில் வருவது சந்தேகம்தான்: 'இதுவா பாலைவனம்?' மணல்மேடு கிடையாது. ஒட்டகம் கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை காய்ந்த புல். நடுநடுவே மெஸ்கீட் மரங்கள். நம்மூர் சீமைக் கருவேலத்துக்கு ரத்த சொந்தம் இந்த மரம். முள்ளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மூக்கு நுனி மரத்துப் போகும் குளிர். மேற்கே சுமார் 2,350 மீட்டர் உயரத்தில் ஒற்றைக் கட்டைவிரல் போல நிற்கிறது பாபோகிவாரி சிகரம்.

இந்தப் புல்வெளியில்தான் ஜாக்ராபிட் வாழ்கிறது. இந்த ஊர்ப் பிள்ளைகள் பலரின் முதல் வேட்டை இதுதான். மானுக்கும் எல்க்குக்கும் இங்கே குலுக்கல் முறையில் அனுமதி தருகிறார்கள். சீட்டு விழாமல் வருஷக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. ஜாக்ராபிட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. வேட்டை உரிமம் இருந்தால் வருஷம் முழுக்கப் போகலாம். அதனாலேயே, 'போய் முயலைச் சுட்டுப் பழகு' என்று பெரியவர்கள் சிறுசுகளை இங்கே அழைத்து வருகிறார்கள்.

பெயரில் ராபிட் இருந்தாலும் இது கூண்டில் வளர்க்கிற வெள்ளை முயலின் வகை இல்லை. லெபஸ் என்ற காட்டு முயல் வகை. தமிழ்நாட்டுக் கம்மாய்க் கரையிலும் கடலைக் கொல்லையிலும் ஓடுகிற காட்டு முயலும் அதே லெபஸ்தான். ஆகவே ஒரு வகையில் இது நம்மூர் முயலின் அமெரிக்கப் பங்காளி. இந்த வகை வளை தோண்டாது. புதரடியில் உடம்பு அளவுக்கு ஒரு சின்னப் பள்ளம் பறித்து, அதில் ஒண்டிக்கொண்டு பகலைக் கழிக்கும். குட்டிகள் பிறக்கும்போதே உடம்பில் ரோமம் இருக்கும், கண் திறந்திருக்கும்.

முதலில் இதற்கு 'ஜாக்ஆஸ் ராபிட்' என்று பெயர். கழுதை முயல்! காதைப் பார்த்து வைத்த பெயர். எழுத்தாளர் மார்க் ட்வைன் 1872-ல் வெளியான 'ரஃபிங் இட்' நூலில் இந்தப் பிராணியைக் கேலியும் கிண்டலுமாக வர்ணித்ததில் பெயர் ஊரெங்கும் பரவியது. பிறகு கழுதை மறைந்து, ஜாக் மட்டும் தங்கிவிட்டது.

அந்தக் காது வெறும் வேடிக்கைப் பொருள் அல்ல. கோடையில் 40 டிகிரியைத் தாண்டுகிற நிலம் இது. நாய் போல நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்தால் உடம்பில் உள்ள தண்ணீர் போய்விடும். இங்கேயோ குடிக்கத் தண்ணீர் இல்லை. முயலுக்கு வேண்டிய ஈரம் பெரும்பாலும் புல்லிலிருந்தும் கள்ளியிலிருந்தும் கிடைப்பதுதான். எனவே நிழலில் உட்கார்ந்து, காதுகளில் ரத்த ஓட்டத்தைக் கூட்டி, உடம்புச் சூட்டைக் காற்றில் விட்டுவிடுகிறது. காலை வெயில் எதிரே இருக்கும்போது, அந்த மெல்லிய காதுகள் வெளிச்சத்தில் இளஞ்சிவப்பாக ஒளிரும். உள்ளே ஓடும் ரத்த நாளங்கள்கூடக் கோடு கோடாகத் தெரியும்.

தெற்கு அரிசோனாவில் இரண்டு வகை உண்டு. ஒன்று கருவால் ஜாக்ராபிட். அமெரிக்க மேற்கு முழுக்கக் காணப்படுவது. இன்னொன்று ஆன்டிலோப் ஜாக்ராபிட். இது இன்னும் பெரியது. நான்கு கிலோவரை இருக்கும். உலகத்திலேயே இங்கேயும், எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் மேற்குப் பகுதியிலும்தான் வாழ்கிறது. ஓடும்போது ஒரு வித்தை காட்டும். துரத்துகிறவர் எந்தப் பக்கம் இருக்கிறாரோ, அந்தப் பக்கமாக இடுப்பின் வெள்ளைத் தோலை இழுத்துக் காட்டும். வலப்பக்கம் திரும்பினால் வெள்ளையும் இடம் மாறும். குறி பார்க்கிறவர் கண் அந்த வெள்ளையிலேயே மாட்டிக்கொள்ள, முயல் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் புதருக்குள் போயே போய்விடும்.

முதல் நாள் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் நடக்கிறார்கள்: வேகமாக. பத்து நிமிஷம் நடந்தும் ஒன்றும் தென்படவில்லையே என்று இன்னும் வேகமாக. உண்மையில் அந்தப் பத்து நிமிஷத்தில் நாலைந்து முயல்களைத் தாண்டி வந்திருப்பார்கள். அசையாமல் உட்கார்ந்திருக்கும் முயலுக்கும் மண்ணாங்கட்டிக்கும் நிறத்தில் வித்தியாசமே கிடையாது. ஆள் ஒரே சீராக நடந்து போனால் அது அசையாது. ஆள் நின்றால்தான் அதற்குப் பயம், பார்த்துவிட்டானோ என்று. எனவே அனுபவசாலிகள் இருபது அடி நடப்பார்கள், நிற்பார்கள். ஒரு நிமிஷம் சும்மா நிற்பார்கள். எதிரே புதரில் சட்டென்று இரண்டு காதுகள் எழும்.

முழு முயலைத் தேடுகிறவருக்கு எதுவும் கிடைக்காது. காது நுனியின் கறுப்பையோ, பளபளக்கும் ஒற்றைக் கண்ணையோ தேட வேண்டும். குத்துச் செடிகளுக்கு நடுவே படுக்கை வசமாக ஒரு கோடு தெரிந்தால், அது முதுகாக இருக்கலாம். இதற்குக் கண் பழக ஒரு காலைப்பொழுது முழுக்க ஆகிவிடுகிறது. வேட்டைக்காரர் கையில் பைனாகுலர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அப்போதுதான் பதில் புரியும்.

எழுந்து ஓடும் முயல் நேராக ஓடாது. இடமும் வலமும் வெட்டி வெட்டிப் போகும். ஓடுகிற முயலை ரைஃபிளால் சுடுவது புதியவருக்கு ஆகாத காரியம். ஆனால் இதற்கு ஒரு பழக்கம் உண்டு. ஐம்பது அறுபது மீட்டர் ஓடியதும் பெரும்பாலும் நின்று திரும்பிப் பார்க்கும். சில சமயம் ஒரு விசில் அடித்தாலே நிற்கும். பாயின்ட் 22 ரைஃபிள் வைத்திருப்பவர் காத்திருப்பது அந்த இரண்டு விநாடிக்காகத்தான். ஷாட்கன்காரருக்கு வேறு கணக்கு: ரவை சிதறிப் போவதால் ஓடும்போதும் சுடலாம், ஆனால் முப்பது மீட்டரைத் தாண்டினால் கொல்லாது, காயம்தான் படும்.

பாயின்ட் 22 தோட்டாவைப் பார்த்தால் விரல் நுனி அளவுதான் இருக்கும். விளையாட்டுச் சாமான் போலத் தோன்றும் அது ஒன்றரை கிலோமீட்டருக்கு மேலும் பறக்கக்கூடியது. நிலமோ தட்டை. ஆகவே முயலுக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா என்று பார்க்காமல் விசையில் விரல் வைக்கக் கூடாது. மேட்டின் உச்சியில், வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிற்கும் முயல் பார்க்க அழகு. அதைச் சுடவே கூடாது. குடியிருக்கும் வீட்டிலிருந்து சுமார் 400 மீட்டருக்குள் அனுமதியின்றிச் சுடக் கூடாது, காரில் உட்கார்ந்து சுடக் கூடாது, சாலைக்குக் குறுக்கே சுடக் கூடாது என்று அரிசோனா சட்டம் சொல்கிறது. சகுவாரோ தேசியப் பூங்காவுக்குள் வேட்டையே கிடையாது. பக்கத்திலேயே தோஹோனோ ஓதாம் மக்களின் நிலம் இருக்கிறது. அது அவர்களுடைய தேசம், அவர்கள் அனுமதி இல்லாமல் துப்பாக்கியோடு கால் வைக்கக் கூடாது. வேலை விசாவில் இருக்கும் வெளிநாட்டவர் துப்பாக்கியைத் தொடுவதற்கே தனி விதிகள் உண்டு என்பதை அங்கே இருக்கும் நம்மவர்கள் நினைவில் வைப்பது நல்லது.

பையில் என்ன இருக்க வேண்டும்? ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர், குளிர்காலமானாலும். அப்புறம் ஒரு சீப்பு. தலை வார அல்ல. சோயா என்று ஒரு கள்ளி இருக்கிறது; லேசாக உரசினாலே ஒரு கணு உடைந்து காலில் அப்பிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் கையும் மாட்டும். சீப்பை இடையில் விட்டுத் தள்ளினால் கழன்று விழும். பாம்புகள் இந்த மாதங்களில் பெரும்பாலும் பொந்தில் உறங்கும். என்றாலும் மதிய வெயில் உறைத்தால் கிலுகிலுப்பைப் பாம்பு வெளியே வரலாம்.

வழி தவறுவதுதான் பெரிய ஆபத்து. எந்தப் பக்கம் பார்த்தாலும் அதே மெஸ்கீட், அதே புல். முயல் பின்னாலேயே வளைந்து வளைந்து போனவருக்குக் கார் எந்தத் திசையில் என்பது மறந்துபோகும். அப்போது கைகொடுப்பது பாபோகிவாரிதான். அது மேற்கு. ஓதாம் மக்களுக்கு அது உலகத்தின் நடு. தங்களைப் படைத்த ஈதோய் வாழும் மலை.

அந்த மக்களுக்கு முயல் வேட்டை பொழுதுபோக்காக இருந்ததில்லை. அவர்களுக்கு முன் இங்கே வாழ்ந்த ஹோஹோகம் மக்களின் ஊர்களைத் தோண்டிய ஆய்வாளர்களுக்கு அதிகம் கிடைத்த விலங்கு எலும்புகளில் முக்கியமானவை முயல் எலும்புகள். மானை நம்பி அல்ல, முயலை நம்பித்தான் பல வீடுகளில் உலை கொதித்திருக்கிறது. ஊரே கூடி வளைத்து விரட்டி, வலையிலும் தடியிலும் பிடித்தார்கள். வடக்கே ஹோப்பி மக்கள் வளைந்த மரத்தடியைத் தரையோடு தரையாகச் சுழற்றி எறிவார்கள். அது திரும்பி வராது, முயலின் காலை உடைக்கும். சிவகங்கைச் சீமையின் வளரியைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தடியை அடையாளம் காட்டத் தேவையில்லை.

ஆனால் வெள்ளைக்காரக் குடியேறிகளின் வேட்டை வேறு மாதிரிப் போனது. 1930-களில் கான்சாஸ் பக்கம் மண்புயலும் வறட்சியும் வாட்டியபோது, மிஞ்சிய பயிரை முயல்கள் மேய்ந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் திரண்டு, ஆயிரக்கணக்கான முயல்களை வேலிக்குள் விரட்டித் தடியால் அடித்துக் கொன்றார்கள். பசி, கோபம் இரண்டும் சேர்ந்த காலம். இன்றிலிருந்து நியாயம் சொல்வது சுலபமல்ல. என்றாலும் 'ஜாக்ராபிட் என்றால் பூச்சி மாதிரி, கொன்று போட்டால் போதும்' என்ற எண்ணம் இன்றும் சில வேட்டைக்காரர்களிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுட்டதை அப்படியே போட்டுவிட்டு அடுத்ததைத் தேடிப் போகிறார்கள். முதல் நாள் வந்த பிள்ளை அதைப் பார்த்தே பழகுகிறது.

வருஷம் முழுக்கக் கதவு திறந்திருப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தப் பாலைவனத்தில் ஜாக்ராபிட் ஆண்டின் பெரும்பகுதி குட்டி போடும். தாய் குட்டிகளை மறைவில் விட்டுவிட்டு, இரவில் வந்து பால் கொடுக்கும். ஐம்பது மீட்டரில் நின்று திரும்பிப் பார்க்கிற முயல் ஆணா, பாலூட்டும் தாயா என்று எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது. சட்டம் தடுக்காத இடத்தில் எத்தனை போதும் என்பதை வேட்டைக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு குடும்பத்தின் குழம்புக்கு ஒன்று போதும். கழுகும் கொயோட்டியும் காட்டுப் பூனையும் இதே முயலை நம்பித்தான் குடும்பம் நடத்துகின்றன. 2020-ல் முயல்களைத் தாக்கும் ரத்தக்கசிவு வைரஸ் இந்தப் பகுதிக்குள் நுழைந்து காட்டு முயல்களைக் கொன்றது. அது மனிதருக்கு வராது. ஆனால் காடு எப்போதும் நிரம்பியே இருக்கும் என்ற நம்பிக்கையை அசைத்துவிட்டது.

மனிதருக்கு வரக்கூடியது வேறொன்று: டூலரீமியா என்ற முயல் காய்ச்சல். கலிஃபோர்னியாவின் டூலேரி மாவட்டத்தில் 1911-ல் தரை அணில்களிடம் கண்டுபிடிக்கப்பட்டதால் அந்தப் பெயர். அறுக்கும்போது கையில் கீறல் இருந்தால் கிருமி உள்ளே போகலாம். ரப்பர் கையுறை கட்டாயம். வயிற்றைத் திறந்ததும் கல்லீரலைப் பார்ப்பார்கள்; வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் இறைச்சி வேண்டாம். மந்தமாக, ஓடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருக்கும் முயலைச் சுடவே மாட்டார்கள். தோலில் உண்ணியும் தெள்ளும் இருக்கும் என்பதால், குளிர் மாதங்களில்தான் போவோம் என்று வைத்திருப்பவர்கள் அதிகம்.

ஜாக்ராபிட் கறி வாயில் வைக்க விளங்காது என்று அமெரிக்காவில் ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை. கொழுப்பே இல்லாத கருஞ்சிவப்புக் கறி. ஓடி ஓடி முறுகியது. கோழி போல எண்ணெயில் பொரித்தால் செருப்புத் தோல்தான். ஆனால் உப்புத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, வெங்காயமும் காய்ந்த சிவப்பு மிளகாயும் சேர்த்து, மூடிபோட்டு மூன்று மணி நேரம் சிறு தீயில் வேகவிட்டால் எலும்பிலிருந்து தானே கழன்றுவரும். அந்தப் பக்கத்து மெக்சிகோ சமையல்காரர்களுக்கு இது புதிதல்ல. கிழித்த கறியை டோர்ட்டியா ரொட்டியில் வைத்துச் சுருட்டித் தருவார்கள். முன்னங்காலில் அதிகம் ஒன்றும் தேறாது. பின்தொடையும் முதுகுச் சதையும்தான் விஷயம்.

இதைப் படித்துவிட்டு, பொங்கல் லீவில் ஊர்க் காட்டுப் பக்கம் டார்ச் லைட்டோடு கிளம்பலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அரிசோனாவில் உரிமம் வாங்கினால் போதும். இங்கே 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலை வேட்டையாடுவது குற்றம். ஒவ்வொரு தை மாதமும் வனத்துறை இதற்கென்றே ரோந்து போகிறது; பிடிபட்டால் அபராதமும் வழக்கும் உண்டு.