நிற்கிற கால்கள்



வீடு சந்திப்புக்கு வரும்போது கண்ணில் படுகிற ஒன்றை இந்த வாரம் எழுதுகிறேன். நம் சபைத் தாய்மார்களில் பலர் சேலை ஓரத்தை இழுத்துக் கணுக்காலை மறைத்துக்கொண்டே அமர்கிறார்கள். உள்ளே நீலமாய்ப் புடைத்து முறுக்கேறிய இரத்தக்குழாய்கள். சிலருக்குத் தோல் கறுத்திருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு எட்டு மாதமாய் ஆறாத புண். ஆண்டவர் கால் கழுவக் குனிந்தபோது பேதுருவே தயங்கினான். நம் கூச்சத்தில் வியப்பில்லை. அவருக்காக ஜெபித்தபின், டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். "ஆபரேஷன் என்பார்கள் ஐயா. மாதக்கணக்கில் படுத்துவிட்டால் வீட்டை யார் பார்ப்பது?" என்றார்.

நரம்புச் சுருட்டல் என்று நாம் சொன்னாலும் இதில் நரம்புக்குப் பங்கில்லை. இது சிரைகளின் நோய். நடக்கும்போது கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ளுகிறது. சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகள் அது திரும்பி இறங்காதபடி காக்கின்றன. நெடுநேரம் நின்று வேலை செய்கிறவர்களுக்கும், பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கும், குடும்பத்தில் இந்நோய் உள்ளவர்களுக்கும் அவை தளர்ந்துபோக வாய்ப்பு அதிகம். தேங்கும் இரத்தத்தின் அழுத்தமே தோலைக் கறுக்கச் செய்து, பின் புண்ணாக்குகிறது. களிம்பு அந்த அழுத்தத்தைத் தொடுவதில்லை.

தொடையிலும் காலிலும் கீறிச் சிரையை உருவி எடுத்த காலத்தையே நம் மக்கள் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்றோ டாப்ளர் ஸ்கேனில் பார்த்தபடி, அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய குழாயைச் சிரைக்குள் செலுத்தி, லேசர் அல்லது ரேடியோ அலையின் வெப்பத்தால் உள்ளிருந்தே அதை மூடிவிடுகிறார்கள். சிறு கிளைகளுக்கு நுரையாக்கிய மருந்தை ஊசியால் செலுத்துவதுண்டு. பெரும்பாலோர் அன்றே நடந்து வீடு திரும்புகிறார்கள். மூடிய சிரையின் இரத்தம் எங்கே போகும் என்று ஆசிரியை கேட்டார், நல்ல கேள்வி. காலின் இரத்தத்தில் பெரும்பகுதியைச் சுமப்பவை ஆழ்சிரைகளே. அவை நலமாயிருக்கின்றனவா என்று முதலில் ஸ்கேன் பார்ப்பது அதற்காகத்தான்.

பிரிட்டனில் இத்தகைய புண்ணுள்ள 450 பேரிடம் நடத்திய ஆய்வு 2018இல் வெளியாயிற்று. அனைவருக்கும் இறுக்கக் கட்டு போடப்பட்டது. கூடவே சிரையையும் உடனே மூடியவர்களில் பாதிப்பேருக்கு 56 நாளில் புண் ஆறியது. அதைத் தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள் ஆயிற்று. இதைச் சொன்னபின் ஆசிரியையின் மகள் அவரை அழைத்துச் சென்றார். காலையில் போனவர் மாலையில் தம் வீட்டுப் படியைத் தாமே ஏறினார். புண் மூட இரண்டு மாதத்துக்கு மேல் பிடித்தது. அந்த இறுக்கக் காலுறைதான் நம் வெயிலில் பெரும் பாடு என்று இன்னும் குறைப்படுகிறார். வேறு சிரைகள் பின்னாளில் புடைக்கவும் கூடும் என்று டாக்டர் சொல்லியே அனுப்பினார்.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். புடைத்த சிரை உடைந்து இரத்தம் வந்தால், படுத்துக் காலை உயர்த்தி, அந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள்.

கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021இல் நம் மாநிலம் சட்டம் இயற்றியது. நம் அசனப் பண்டிகைக்கு இரவெல்லாம் நின்று காய் நறுக்குகிற சகோதரிகளுக்கு ஒரு முக்காலிகூட இல்லை. இம்முறை பந்தலுக்குச் சொல்லும்போதே இருபது முக்காலிக்கும் சொல்லும்படி பொருளாளரிடம் கூறியிருக்கிறேன்.