திருமழிசையில் கீச்சிட்ட ஆம்னி

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் சில நிமிடங்களில் திருமழிசை. சென்னைக்காரர்கள் பலருக்கு இது பஸ் ஜன்னலில் ஓடி மறையும் ஒரு பெயர்ப்பலகை மட்டும்தான். 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு மார்க்கெட்டை மூடியபோது காய்கறிக் கடைகளைத் தற்காலிகமாக இங்கே கொண்டுவந்தார்கள். செப்டம்பர் கடைசியில் மார்க்கெட் மறுபடி கோயம்பேடு போகும்வரை, நகரத்தின் சாம்பார் முழுக்க இந்த ஊரின் சேற்றில் இறங்கித்தான் வந்தது.

ஊர் என்னவோ மிகப் பழையது. திருமழிசையாழ்வார் அவதரித்த தலம். ஜகந்நாதப் பெருமாள் கோயிலை மத்திய ஜகந்நாதம் என்பார்கள். வடக்கே பூரி, தெற்கே திருப்புல்லாணி, நடுவில் இது. ஆழ்வாரின் வலது கால் கட்டைவிரலில் ஒரு கண் உண்டு என்பது ஐதீகம். குழந்தைகளோடு போகிறவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அப்புறம் அவர்கள் சந்நிதியை விட்டு நகர மாட்டார்கள். ஒத்தாண்டேஸ்வரர் கோயிலும் இதே ஊரில்தான். அங்கே அம்பாள் பெயர் குளிர்ந்த நாயகி.

கோயில் தெருக்களை விட்டு வெளியே வந்தால் சிட்கோ தொழிற்பேட்டை. லோடு வண்டிகள் போய் வந்துகொண்டே இருக்கும். வண்டி இருக்கும் இடத்தில் பட்டறை இருக்கும்: பஞ்சர், டிங்கரிங், வெல்டிங், ஆட்டோ எலக்ட்ரீஷியன். கோயிலுக்கு வருகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதில்லை. நாங்கள் பார்க்க நேர்ந்தது சித்தப்பாவின் 2004 மாடல் ஆம்னியால்.

அந்த வண்டியை நம்பித்தான் சித்தப்பா வீட்டில் அடுப்பு எரிகிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு இட்லி மாவுப் பாக்கெட்டுகளை ஏற்றிக்கொண்டு ஆவடியில் கடை கடையாகப் போடுவார். ஒரு வாரமாகக் காலையில் ஸ்டார்ட் செய்தால் கீச்சென்று சத்தம். "இதை வித்துத் தொலைங்க" என்பது சித்தியின் கட்சி. ஐப்பசி மாதச் சாயங்காலம், தரிசனம் முடித்துக் கிளம்பி ஹெட்லைட்டைப் போட்டதும் வண்டி மறுபடி அலறியது. சிவப்பு பேட்டரி விளக்கு மினுக்கியது. மழை வேறு தூற ஆரம்பித்திருந்தது.

"பேட்டரி வாங்கி ஆறு மாசம்தானே ஆச்சு!" என்று புலம்பிக்கொண்டே சித்தப்பா ஒரு ஷெட்டின் முன் நிறுத்தினார்.

மெக்கானிக் பேட்டரியைத் தொடவே இல்லை. எஞ்சினை அணைத்து, சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். "சார், லைட்டு போட்டா கத்துதுல்ல? அப்போ பெல்ட்டு லூசு" என்றார்.

விஷயம் எளிமையானதுதான். எஞ்சின் சுழலும்போது ஒரு ரப்பர் பெல்ட் ஆல்டர்னேட்டரையும் சேர்த்துச் சுற்றுகிறது. பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவதும், ஓடும்போது விளக்குக்கும் வைப்பருக்கும் மின்சாரம் கொடுப்பதும் ஆல்டர்னேட்டரின் வேலை. ஹெட்லைட் போட்டால் அதற்குச் சுமை கூடும், சுற்றுவது கடினமாகும். தளர்ந்த பெல்ட் அப்போது புல்லியின் மேல் வழுக்கும். நாம் கேட்கிற கீச்சு அதுதான். ஆம்னியில் தண்ணீர் பம்ப்பும் இதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. விளக்கு மங்கினால் வண்டியை ஓரம் கட்டிவிடலாம். பம்ப் சுற்றாமல் எஞ்சின் கொதித்து ஹெட் கேஸ்கெட் போனால் சித்தப்பா மாதிரி ஆட்களுக்கு ஒரு மாத வருமானம் போச்சு. ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார் செய்கிற லூகாஸ் டி.வி.எஸ். ஆலை 1961-லிருந்து இதே மேற்குச் சென்னையில், பாடியில்தான் இருக்கிறது. அந்த வழியாக எத்தனை தடவை போயிருப்போம்! அது செய்கிற பொருளுக்கு என்ன வேலை என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

சீட்டைத் தூக்கினால் கீழே எஞ்சின். சூடு ஆறட்டும் என்று கால் மணி நேரம் காத்திருந்தோம். "இங்கேயே குளிர்ந்த நாயகி இருக்கா, வேண்டிக்கோ" என்றாள் பாட்டி. கூடவே காஞ்சிபுரம் திருவெஃகா கதையையும் ஆரம்பித்தாள். பல்லவ ராஜா கணிகண்ணனை நாடு கடத்த, சீடன் போனதால் ஆழ்வார் கிளம்ப, ஆழ்வார் போனதால் பெருமாளே பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போன கதை. "ஒருத்தர் போனா எல்லாரும் போயிடுவாங்க பாட்டி, நம்ம பெல்ட்டு மாதிரி" என்று மெக்கானிக் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றினார். பெல்ட்டைத் திருப்பி உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். விரிசல் இல்லை, ஆனால் கண்ணாடி மாதிரி பளபளத்தது. பளபளத்தால் வழுக்குகிறது என்று அர்த்தமாம். பிறகு ஆல்டர்னேட்டரின் கீழ் போல்ட்டையும், நீள ஓட்டை உள்ள பட்டையில் இருக்கும் அட்ஜஸ்டிங் போல்ட்டையும் கொஞ்சம் தளர்த்தினார். ஒரு கட்டையைக் கொடுத்து ஆல்டர்னேட்டரை எஞ்சினிலிருந்து வெளிப்பக்கமாக நெம்பி, அந்தப் பிடியை விடாமல் அட்ஜஸ்டிங் போல்ட்டை முறுக்கினார். அடுத்தது கீழ் போல்ட். இரண்டு புல்லிக்கு நடுவில் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தச் சொன்னார். அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக உள்ளே போனது.

"இன்னும் டைட் பண்ணிடுங்களேன், திரும்ப லூசாகாம இருக்கும்" என்றார் சித்தப்பா.

"ஐயோ வேணாம் சார். ஓவரா இழுத்தா பேரிங் போயிடும். அது பெல்ட்டை விடப் பெரிய செலவு."

எஞ்சின் ஓடும்போது மீட்டர் வைத்துப் பார்த்தார். முதலில் 12.2 வோல்ட் காட்டியது இப்போது 14.1. ஹெட்லைட், வைப்பர் இரண்டையும் போட்டும் சத்தம் இல்லை. ஓடும் பெல்ட்டின் பக்கம் யாரும் துப்பட்டா, புடவைத் தலைப்போடு குனியக்கூடாது என்று சித்தியைத் தள்ளி நிற்கச் சொன்னார். நியாயமான எச்சரிக்கை. பெல்ட்டில் சோப்பு தேய்த்தால் சத்தம் நிற்குமே என்று தம்பி கேட்டான். "சத்தம் நிக்கும். வழுக்கறது நிக்காது" என்றார்.

இந்த வாரமே புது பெல்ட் போட்டுவிட வேண்டும், புதுசும் முதல் சில நாட்களில் கொஞ்சம் நீளும் என்பதால் 300 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை இழுத்துக் கட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

திங்கட்கிழமை சித்தப்பா அதே ஷெட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தார். பழைய பெல்ட்டை எறியவில்லை. அவசரத்துக்கு உதவும் என்று பின் சீட்டுக்கு அடியில், 12-ம் நம்பர் ஸ்பேனரோடு சுற்றி வைத்திருக்கிறார். விற்கிற பேச்சைச் சித்தி இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறார். ஆர்.சி.யை அடுத்துப் புதுப்பிக்க வேண்டியது 2029-ல்; அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்.