மோதல் வரைபடம்

விபத்து வழக்கின் எஃப்.ஐ.ஆரில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’ என்ற தொடர் அநேகமாகத் தவறாது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 279-வது பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 281. வழக்கு நிற்க அந்தத் தொடர் வேண்டும். சாலையைத் திருத்த வந்தவனுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. நான் தேடுவது கூடவே கோத்திருக்கும், சம்பவ இடத்தைப் பார்த்து எழுதிய பார்வை மகஜரையும் மாதிரி வரைபடத்தையும். எந்த வண்டி எந்தத் திசையில் வந்தது, யார் திரும்பினார், யார் குறுக்கே நடந்தார், மணி என்ன என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

எந்த இடத்துக்குப் போவது என்பதை எண்ணிக்கை சொல்லிவிடும். தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டருக்குள், மூன்று ஆண்டுகளில், உயிரிழப்போ கொடுங்காயமோ நேர்ந்த விபத்துகள் 5, அல்லது இறப்புகள் 10 என்றால் அது பிளாக் ஸ்பாட். போய் என்ன செய்வது என்பதற்கு, சந்திப்பை ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொரு விபத்தையும் அம்புக்குறிகளாக அதில் ஏற்ற வேண்டும். என் வேலையில் நான் மிகவும் நேசிப்பது இந்த மோதல் வரைபடத்தைத்தான். தனித்தனிக் குடும்பங்களின் துயரமாகச் சிதறிக் கிடந்தவை, ஏற்ற ஏற்ற ஒரே மூலையில் குவியத் தொடங்கும். அந்த மூலையைச் சரிசெய்ய முடியும்.

நான்குவழிச் சாலையில் ஒரே எண்ணிக்கை கொண்ட இரண்டு இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் அம்புகள் எல்லாம் இரவில், பின்னாலிருந்து: மீடியன் இடைவெளியில் யூ-டர்ன் எடுக்கும் வண்டிகள் வேகத் தடத்திலேயே காத்து நிற்கின்றன. அங்கே ஒதுங்கி நிற்கத் தனித்தடமும் விளக்கும் வேண்டும். இன்னொன்றில் அந்தி நேரம், பஸ்ஸிலிருந்து இறங்கிச் சாலையைக் கடப்பவர்கள். அங்கே நிறுத்தத்தை நகர்த்த வேண்டும், நடுவில் நின்று கடக்க மேடை வேண்டும், வண்டிகளின் வேகம் அதற்கு முன்பே குறைய வேண்டும். ஊர்க்காரர்கள் இரண்டு இடத்துக்கும் கேட்பது ஸ்பீடு பிரேக்கர். முதல் இடத்தில் அது பின்மோதலைக் கூட்டவே செய்யும்.

இடைவெளியை அடைத்துவிடலாமே என்பார்கள். அடுத்த இடைவெளி வெகுதூரம் என்றால் டூவீலர்காரர் சுற்றிவர மாட்டார், எதிர்த்திசையில் வருவார். அதனால் வரைபடத்தை இருபுறமும் நீட்டிப் பார்த்தாக வேண்டும்.

சென்னை ஐ.ஐ.டி.யும் தேசிய தகவலியல் மையமும் உருவாக்கிய ஐராட் செயலியில் காவலர் இப்போது விபத்தைச் சம்பவ இடத்திலேயே பதிய முடிகிறது. பெரிய வசதி. ஸ்டேஷனுக்குத் திரும்பிய பிறகு பதிந்தால் புள்ளி ஸ்டேஷன் வாசலில் விழும். ஆகவே மகஜரோடு ஒத்துப் பார்ப்பேன்.

மோசமான ஆண்டுகளைப் பார்த்துத் தேர்ந்த இடத்தில், ஒன்றும் செய்யாவிட்டாலும் அடுத்த ஆண்டுகளில் எண்ணிக்கை இறங்கக்கூடும். கனடாவின் சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர் எஸ்ரா ஹாவர் இதற்கு வழி சொன்னார்: அந்த இடத்தின் எண்ணிக்கையை அதே வகைச் சாலைகளின் சராசரியோடு சேர்த்து எடைபோட வேண்டும். 2022-ல் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 17,884 பேர். இருக்கும் பணத்தைத் தானாக இறங்கவிருந்த இடத்தில் கொட்டினால், வேறோர் இடத்தில் ஆள் சாகிறார்.

வேலை முடிந்த பிறகும் மொத்தத்தை மட்டும் பார்த்துத் திருப்தியடைய மாட்டேன். தனித்தடம் போட்ட இடத்தில் இரவுப் பின்மோதல் குறைந்ததா என்பதே கேள்வி. மொத்தம் குறைந்து அது மட்டும் அப்படியே இருந்தால், தடத்தின் நீளம் போதவில்லை, அல்லது விளக்கு எரியவில்லை. இரவில் போய்ப் பார்க்க வேண்டும்.