கையிழந்த கார்

உடப்புசல்லாவைத் தேயிலைத் தொழிற்சாலையொன்றிற் கடமையாற்றும் எம் மாணவரொருவர், தந்தையார் விட்டுச்சென்ற 1956ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் காரைப் புதுக்கி, நுவரெலியாவில் நிகழவிருந்த பழங்கார்க் காட்சிக்கு ஆயத்தஞ் செய்தார். யாமும் மூன்று நாள் உடனிருந்து உதவினோம்.

நடுவர் மினுக்கத்தை மட்டும் நோக்கார். ஆதியமைப்பு மாறாதிருத்தலையே பெரிதும் ஆராய்வர். ஆதலால் பல்துலக்கும் பிரஷ்ஷினால் அடிப்பாகத்து மண்ணையும் அகற்றினோம்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த காரது. 1961இல் மின்னும் விளக்குகள் வரும்வரை, திரும்புந் திசையைக் காட்டக் கதவுத் தூணிலிருந்து சிறு கையொன்று வெளியே நீளும். இக்காரில் வலக்கை இல்லை. அப்பள்ளத்தை எவரோ தகரத்தால் மூடியிருந்தனர்.

“தகரத்தின்மேல் வர்ணம் பூசிவிடுவோம், எவரறிவார்?” என்றோம் யாம்.

அவர் சற்றே தயங்கி, “சேர், புறநானூற்றில் 267ஆம் பாட்டை எங்களுக்கு எப்படிப் படிப்பித்தீர்கள்?” என்றார்.

யாம் நாணினோம். 267, 268ஆம் பாட்டுக்கள் கிடைத்தில. 1894இல் அந்நூலைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், தாமே பாடி அவற்றை நிரப்பினாரல்லர். அந்நேர்மையை ஆண்டுதோறும் வகுப்பிற் புகழ்ந்தவர் யாமே.

தகரம் அகன்றது. வெற்றுப் பள்ளத்தை அவரே நடுவருக்குக் காட்டினார். புள்ளி குறைந்தது, பரிசுந் தவறியது.

திரும்பும் வழியில், வலப்புறந் திரும்புமிடந்தோறும் அவர் தம் கையையே வெளியே நீட்டிச் சென்றார். அருகிருந்த எமக்கு அதுவே பரிசாயிற்று.