சுண்ணாம்பு அரைத்தவர்களுக்கு

சிங்கப்பூரில் காலில் சங்கிலியோடு உழைத்த இந்தியக் கைதிகளான பெரியவர்களுக்கு,

என் அப்பா கொத்தனார். பூசி முடித்த சுவரைப் புறங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்த பிறகுதான் கரணையைக் கழுவுவார். உங்கள் சிறைக்குக் கண்காணிப்பாளராக இருந்த மக்நாயர் 1899-இல் எழுதிய நூலில், நீங்கள் கட்டிய புனித ஆண்ட்ரூ தேவாலயத்தின் பூச்சுப் பக்குவத்தைப் படித்ததும் அப்பாவைத்தான் போனில் கூப்பிட்டேன். மணல் சேராத கிளிஞ்சல் சுண்ணாம்பு. அதோடு முட்டை வெள்ளைக்கருவும் நாட்டுச் சர்க்கரையும் போட்டு விழுதாக அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைக்க வேண்டும். பூசிக் காய்ந்ததும் வழவழப்பான கல்லால் பளபளக்கும்வரை தேய்க்க வேண்டும். நான் வாசித்து முடிக்கும் முன்பே அப்பா சொன்னார்: “இது நம்ம செட்டிநாட்டு வேலைப்பா!”

வெள்ளைக்காரர்கள் அதை ‘மெட்ராஸ் சுண்ணம்’ என்றார்கள். எங்கள் ஊர்க் கைப்பழக்கம் உங்களோடு கடல் தாண்டியிருக்கிறது.

1824 ஒப்பந்தப்படி சுமத்ராவின் பென்கூலனை டச்சுக்காரர்களிடம் ஒப்படைத்த ஆங்கிலேயர், அங்கே வைத்திருந்த கைதிகளை மறு ஆண்டு ஏப்ரலில் சிங்கப்பூருக்கு ஏற்றி அனுப்பினார்கள். முதலில் வந்த 80 பேரும் சென்னை மாகாணத்திலிருந்து தீவாந்தர தண்டனை பெற்றவர்கள். அடுத்து வங்கத்தவர்கள் வந்தார்கள். சதுப்பைத் தூர்த்தீர்கள், சாலை போட்டீர்கள், செங்கல் சுட்டீர்கள். ப்ராஸ் பசாவில் உங்களை அடைக்க வேண்டிய சிறையையும் உங்களைக் கொண்டே கட்டிக்கொண்டார்கள். இன்று அதிபர் மாளிகையாக நிற்கும் இஸ்தானாவும் 1869-இல் உங்கள் உழைப்பில் எழுந்ததுதான்.

உங்களில் கொலை செய்தவர்கள் உண்டு, கொள்ளையடித்தவர்களும் உண்டு. அதை மறைத்துவிட்டு நான் நன்றி சொல்ல வரவில்லை. ஆனால் செய்த குற்றத்தை ஒருவன் நெற்றியில் பச்சை குத்தி அனுப்பிய அரசு, அதே மனிதனின் கையில் மட்டக்கோலைக் கொடுத்து உரிய கூலியில்லாமல் ஒரு நகரத்தையே எழுப்பிக்கொண்டதே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது? அந்தப் பச்சை குத்தும் வழக்கம் 1849-இல்தான் ஒழிந்தது. சீர்திருத்தச் சிறை என்று உங்கள் சிறையை அன்றைக்குப் புகழ்ந்தார்கள். தொழில் கற்றுக்கொடுத்தது உண்மை, கைதிகளையே காவலர்களாக்கி நம்பியதும் உண்மை. இருந்தாலும் அந்த ஏற்பாட்டில் லாபம் யாருக்குப் போனது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தேவாலயத்தை வரைந்த மக்பர்சன் பெயரில் இங்கே சிங்கப்பூரில் சாலை இருக்கிறது. மக்நாயர் பெயரிலும் இருக்கிறது. சுண்ணாம்பை அரைத்தவர் யார், கல்லால் தேய்த்தவர் யார் என்று எந்தப் பலகையிலும் நான் பார்த்ததில்லை. அதனால்தான் பெயர் சொல்லி அழைக்க முடியாமல் ‘பெரியவர்களே’ என்று எழுதுகிறேன். என் அப்பா சார்பிலும் நன்றி. வேலை தெரிந்தவர்கள் நீங்கள் என்று அவர் சொல்லச் சொன்னார். அவர் வாயிலிருந்து அப்படியொரு சொல் சுலபத்தில் வராது.

1873-இல் உங்கள் சிறையை மூடினார்கள். தண்டனைக் காலம் மீதியிருந்தவர்களை அந்தமானுக்குக் கப்பலேற்றினார்கள். விடுதலையானவர்களில் பலர் ஊர் திரும்பவில்லை. தாங்கள் போட்ட சாலைகளின் ஓரத்திலேயே குடியிருந்து, பிழைத்து, இந்த மண்ணிலேயே அடங்கினார்கள்.


ஒரு கொத்தனார் மகன்